பன்னிரண்டு சிவப்புக் கோடுகள்

டீக் கிளாஸ் கைக்கு வந்ததும் வாயில் வைக்கிற ஆள் இல்லை அவர். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து அடியில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். முதல் வாயை உறிஞ்சிச் சற்று நேரம் நாக்கிலேயே வைத்திருந்துதான் விழுங்குவார். "அண்ணாச்சி, வெசம் வாங்கிக் கலக்குற அளவுக்கு எனக்கு யாவாரம் ஓடல" என்று டீக்கடைக்காரர் சொன்னால், "கலக்குறவன் சொல்லிட்டா கலக்குவான்?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தையும் குடித்து முடிப்பார். நாற்காலியைக் கொடுத்தால் நான்கு காலையும் ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். பஸ்ஸில் ஏறினால் ராஜபாளையம் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்பார். கண்டக்டர் போகும் என்றதும் டிரைவரிடமும் ஒரு தடவை கேட்பார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கே பிடிக்காது. எங்கள் பண்ணையில் அவருக்கு 'சி.ஐ.டி.' என்று பெயர். முகத்துக்கு நேரே அண்ணாச்சி, முதுகுக்குப் பின்னால் சி.ஐ.டி. முதல் ஒன்றரை வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு மேற்கே மலையைப் பார்த்துப் போகிற மண்பாதையில் இருந்தது அந்தப் பால்பண்ணை. நான் அங்கே சூப்பர்வைசர். மாடுகளுக்குத் தீவனம் விதைப்பது, அறுப்பது, காயவைத்துப் போர் போடுவது எல்லாம் என் பொறுப்பு. முதலாளி ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

அந்த முதலாளி, எங்கேயோ வெளிநாட்டில் யாரோ ஓட்டி ஓய்ந்து ஒதுக்கிய ஒரு புல் அறுக்கும் மிஷினைத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கொண்டுவந்து இறக்கினார். டிராக்டரின் பின்னால் மாட்டினால் ஒரு பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். நீட்டிய கையில் வரிசையாக ஆறு இரும்புத் தட்டுகள். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் எதிரெதிராக இரண்டு கத்திகள், உள்ளங்கை நீளம்தான் இருக்கும். ஒவ்வொரு கத்தியும் ஒரே ஒரு போல்ட்டில் தொங்கும். தட்டு சுழல்கிற வேகத்தில் கத்தி விறைத்து நின்று, குதிரைமசால் என்கிற தீவனப் பயிரை அடியோடு சீவித் தள்ளும். இருபது பெண்கள் பொழுதுக்கும் அறுக்கிறதை மத்தியானத்துக்குள் முடித்துவிடும். அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தட்டு மிஷின் என்று கூப்பிட்டோம்.

பழைய மிஷின் என்பதால் எல்லாமே தேய்ந்திருந்தது. கத்தி ஆடி ஆடிப் போல்ட்டின் கழுத்தில் பள்ளம் விழுந்திருந்தது. கத்தியின் ஓட்டை வட்டம் போய் முட்டையாகிவிட்டது. கல், கத்தி எதுவும் தெறிக்காமல் இருக்கத் தட்டுகளைச் சுற்றித் தொங்கும் படுதா கந்தலாகக் கிடந்தது. இதைச் சரிசெய்து தர ஆள் தேடியபோதுதான் இவரைச் சொன்னார்கள். மில்லில் ஃபிட்டராக இருந்து வெளியே வந்தவர். ராஜபாளையத்தில் லேத் பட்டறைகள் இருக்கிற தெருவில் ஒரு சின்ன அறை வைத்திருந்தார். "வேலை சுத்தம். ஆனா ஆளு ஒரு மாதிரி" என்று சொன்னவரே எச்சரித்தார்.

முதல் நாள் வந்து மிஷினைத் தொடாமல் மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு முதலாளியிடம், "இத வித்தவன் ஏன் வித்தான்?" என்று கேட்டார்.

"பழசாயிருச்சு. புதுசு வாங்கியிருப்பான்."

"ஓடுற மிஷினை எவன் கப்பல்ல ஏத்தி விடுவான்? இது அங்க யாரையோ வெட்டியிருக்கும். அதான் தள்ளிவிட்டுட்டான்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

புதுப் போல்ட் எது வந்தாலும் முதலில் அரத்தை எடுத்து ஓர் இழு இழுத்துப் பார்ப்பார். அரம் வழுக்கினால் கெட்டி இரும்பு. அரம் கடித்தால் பச்சை இரும்பு, தூக்கி எறிந்துவிடுவார். லேத் பட்டறைக்காரர் ஒருமுறை, "ஆண்டாள் சத்தியமா நல்ல இரும்புண்ணே" என்றார். இவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "ஆண்டாளை எதுக்குய்யா இழுக்குத? அரம் இருக்குல்ல, அது சொல்லட்டும்" என்று சொல்லி ஒரு பெட்டி போல்ட்டையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அதில் ஏழு பச்சை இரும்பு. பட்டறைக்காரர் அதற்குப் பிறகு இவரிடம் எந்தச் சாமி பெயரையும் எடுக்கவில்லை. சர்ச்சிலும் செருப்பைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் விட்டுவிட்டுத்தான் ஜெபம் பண்ணுவார் என்று எங்கள் டிராக்டர் டிரைவர் மாடசாமி கதை சொல்லுவான். அவன் சொன்னால் பாதிதான் நிஜமாக இருக்கும். அந்தப் பாதி எது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒருநாள் ஒரு கத்தி உடைந்துபோனது. "அந்த ஒண்ணை மட்டும் மாத்துங்க போதும்" என்றார் முதலாளி. இவர் அந்தத் தட்டில் இருந்த நல்ல கத்தியையும் சேர்த்துக் கழற்றினார்.

"ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தேஞ்சது. எடை மாறிப்போவும் முதலாளி. எடை மாறுனா தட்டு உதறும். தட்டு உதறுனா நட்டு கழலும். நட்டு கழண்டா கத்தி பறக்கும். பறக்குற கத்தி முதலாளி காலா வேலக்காரன் காலான்னு பாத்து வராது."

முதலாளி தன் காலை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, இரண்டையும் மாற்றச் சொன்னார்.

நட்டை இறுக்கி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு நகப்பாலிஷ் பாட்டிலை எடுப்பார். நட்டின் தலையில் ஆரம்பித்துத் தட்டு வரைக்கும் ஒரே இழுப்பில் ஒரு சிவப்புக் கோடு. நட்டு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். பன்னிரண்டு நட்டுக்குப் பன்னிரண்டு கோடு. புல் வாருகிற பெண்கள் விடுவார்களா? "அண்ணாச்சி, அந்த மிஷினுக்கு மட்டுந்தானா, எங்க வெரலெல்லாம் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கையை நீட்டுவார்கள். "கையக் காட்டு காட்டு, நட்டைத் திருகுன கைரேகை இருக்கான்னு பாக்கேன்" என்பார். அது கேலியா நிஜமா என்று தெரியாமல் அவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள்.

அறுப்பு நாளன்று காலையில் சைக்கிளில் வந்து இறங்குவார். வணக்கம் கிடையாது, சாப்பிட்டாச்சா கிடையாது. "யாரு தொட்டது?" என்பதுதான் முதல் பேச்சு. யாரும் தொடவில்லை என்று நாங்கள் பாட்டுப் பாடுவதுபோலச் சொல்லுவோம். கோடுகளை எண்ணுவார். கோடு சரியாக இருந்தாலும் ஸ்பேனரைப் போட்டு ஒவ்வொரு நட்டையும் இறுக்கிப் பார்ப்பார். பிறகு எல்லோரையும் மோட்டார் ரூம் சுவருக்குப் பின்னால் விரட்டுவார். மாடசாமி முதல் சுற்று ஓட்டி முடிக்கும் வரை முதலாளியே வந்தாலும் சுவருக்குப் பின்னால்தான். அவரும் அங்கேயேதான் நிற்பார். சந்தேகம் என்பது ஒரு தீராத வியாதி, இந்த மனிதருக்கு முற்றிப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் வியாதி ஒட்டிக்கொள்ளும் என்பதை நான் நினைக்கவில்லை. மாற்றிய பழைய சாமானை முதலாளி கையில் கொடுத்துக் காட்டிவிட்டுப் போவதுதான் மெக்கானிக் வழக்கம். இவர் கொடுக்க மாட்டார். தேய்ந்த போல்ட், உடைந்த கத்தி, பல் போன பேரிங் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்து எடுத்துப்போய்விடுவார். "அந்த ஆளு மேல ஒரு கண்ணு வையி" என்று முதலாளி என்னிடம் சொன்னார். சொல்லியிருக்கவே வேண்டாம். பழைய போல்ட்டைத் தேய்த்து மினுக்கி நமக்கே புதுசென்று திரும்ப மாட்டுகிறாரோ என்று எனக்கு முன்பே தோன்றியிருந்தது. உலகத்தையே சந்தேகப்படுகிறவன் தன்னைப் பற்றி யாரும் சந்தேகப்படாமல் இருக்கத்தான் அப்படி நடிக்கிறான் என்று மாடசாமியிடம் பெரிய தத்துவம்கூடப் பேசினேன்.

ஒரு மத்தியானம் அவர் சாக்குடன் கிளம்பியதும், மொபெட்டில் தூரத்திலேயே பின்தொடர்ந்து போனேன். ராஜபாளையத்தைத் தாண்டிச் செட்டியார்பட்டியில் அவர் வீடு. தெருவில் வண்டியை விட்டுவிட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போய் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். போல்ட்டை இடுக்கியில் கவ்வக் கொடுத்து, ரம்பத்தால் இரண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துண்டுகள் குவிந்து கிடந்தன.

"எம்புட்டு நேரமா நிக்க?" தலையைத் தூக்காமலே கேட்டார்.

நான் சொல்ல நினைத்த பொய் எதுவும் சமயத்துக்கு வரவில்லை. "பழைய சாமானை என்ன செய்றீங்கன்னு பாக்க வந்தேன் அண்ணாச்சி" என்று உளறிவிட்டேன்.

"திருடி விக்கேன்னு நெனச்ச."

அவர் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "முழுசாத் தூக்கிப் போட்டா எவனாச்சும் பொறுக்கி, தேச்சு மினுக்கிப் புதுசுன்னு விப்பான். மதுரையில நானே வாங்கி ஏமாந்திருக்கேன். ரெண்டா அறுத்துட்டா எந்தக் கொம்பனும் விக்க முடியாது. முதலாளிகிட்டக் குடுத்தா அவரு பழைய இரும்புக்காரன்ட்டத்தான் போடுவாரு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை ஆட்டித் தடுத்தார்.

"எதுக்கு மன்னிப்பு? சந்தேகம் வந்துச்சு, வந்து பாத்துட்ட. அதான் சரி. நம்பிக்கிட்டு வீட்டுல கெடந்திருந்தேன்னாத்தான் தப்பு. இம்புட்டு வருசத்துல எம் பின்னாடி வந்து பாத்த மொத ஆளு நீதாம் தம்பி."

அவர் வீட்டில் டீ கொடுத்தார்கள். என்னை அறியாமலே கிளாஸை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன். பல்லெல்லாம் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு நகப்பாலிஷ் பாட்டில் என் பைக்கு வந்தது. நான் இறுக்கினால் நானே கோடு போடலாம் என்று சொல்லிவிட்டார். ஆரம்பத்தில் என் கோட்டின் மேலும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தார். ஆறேழு மாதம் போனதும் அதை நிறுத்திவிட்டார். "நம்பினார் கெடுவதில்லைன்னு சொன்னவன் கத்தி மிஷின் பக்கம் நின்னுருக்க மாட்டான். ஆனா இந்தத் தம்பி கோடு போட்டா நான் நம்புவேன்" என்று மாடசாமி முன்னால் ஒருநாள் சொன்னார். பெருமை தாங்கவில்லை எனக்கு. பெற்ற அப்பாகூட என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக அரிவாள், மண்வெட்டி, கடப்பாரையைக் கழுவி அடுக்கிப் பொட்டு வைப்போம். டிராக்டருக்கு மாலை, தட்டு மிஷினுக்கு மேலே ஒரு சந்தனப் பொட்டு. அந்த வருஷம் பூஜைக்கு முதலாளியம்மாவும் வந்திருந்தார். அடுக்கியதைப் பார்த்துவிட்டு, "ஏமய்யா, சின்னக் கத்தியெல்லாம் இருக்கு, பெரிய மிஷின் கத்தி எங்க? கழட்டிக் கொண்டாந்து வையுங்க" என்றார்.

"மெக்கானிக் திட்டுவாருங்கம்மா."

"மிஷின் நம்மளுதா, மெக்கானிக்குதா?"

அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்? மாடசாமியும் இல்லை. பண்டிகைக்கென்று வ. புதுப்பட்டியில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். நானே கழற்றினேன். பெண்கள் கத்திகளைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். போல்ட்டையும் நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவினார்கள். சிவப்புக் கோடெல்லாம் அதோடு போயிற்று. பெரிய தாம்பாளத்தில் பன்னிரண்டு கத்தியும் சந்தனம் குங்குமத்தோடு பளபளவென்று இருந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமிக்கு ஒரு பூஜை போட்ட பிறகுதான் எடுக்கலாம். அதற்கடுத்த நாள் காலையில் அறுப்பு. ஆகவே விஜயதசமி மத்தியானம் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். பெண்களிடம், "அண்ணாச்சி கேட்டா யாரும் தொடலன்னு சொல்லுங்க, இல்லேன்னா ஒரு நாள் பூரா விசாரணை நடக்கும்" என்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். ஐந்து தட்டை முடித்தேன். ஆறாவது தட்டில் இரண்டு நட்டையும் விரலால் திருகி உட்காரவைத்தபோது சாப்பிடக் கூப்பிட்டார்கள். நாளைக் காலையில் அவர் வந்து பார்க்கும்போது பாலிஷ் புதிதாக வாடை அடிக்கக் கூடாது, இப்போதே போட்டால்தான் நன்றாகக் காயும் என்று நினைத்தேன். பன்னிரண்டு நட்டிலும் கோட்டை இழுத்தேன். ஆறாவது தட்டைச் சாப்பிட்டு வந்து இறுக்கிவிட்டு, அந்த இரண்டு கோட்டை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று போனேன். சர்க்கரைப் பொங்கல், சுண்டல், முதலாளியம்மாவின் உபசாரம். திரும்பி வந்து பார்த்தேன். பன்னிரண்டு நட்டிலும் பன்னிரண்டு கோடு. வேலை முடிந்தது என்று மிஷினைத் தார்ப்பாயால் மூடிவிட்டேன். கோடு இருந்தால் நட்டு இறுகியிருக்கிறது என்று எனக்கே அவ்வளவு பழகிப்போயிருந்தது.

காலையில் அவர் வந்தார்.

"யாரு தொட்டது?"

"யாரும் தொடல அண்ணாச்சி."

மூன்றாவது தட்டின் இடுக்கில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். "பூசை போட்டீகளோ?"

"பொட்டு வச்சோம். அம்புட்டுத்தான்."

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து விரலால் கோடுகளை எண்ணினார். பன்னிரண்டு. ஸ்பேனரை எடுக்கவில்லை. இரண்டாவது தட்டின் பேரிங்கில் ஒரு சத்தம் வருகிறது, பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்றார். எங்களைச் சுவருக்குப் பின்னால் அனுப்பிவிட்டு அவர் மட்டும் வரப்பில் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மாடசாமி டிராக்டரை எடுத்தான். பாதி வயல்கூடப் போயிருக்காது. டங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யாரோ கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்ததுபோல அவர் குதிரைமசாலுக்குள் உட்கார்ந்துவிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தேன். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. என் துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினேன். "எந்தத் தட்டுடே?" என்றுதான் அவர் கேட்டார். மாடசாமி மிஷினைப் பார்த்துவிட்டு, "ஆறாவது" என்று கத்தினான். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கால் பிழைத்தது. ஆனால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வயலில் அந்த நட்டு என் கண்ணில் பட்டது. உள்மரை தேயாமல், முறியாமல் அப்படியே இருந்தது. கல்லில் அடித்திருந்தால் போல்ட் முறிந்து, நட்டு ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு கிடக்கும். இது இறுக்காத நட்டு, தானாகக் கழன்று விழுந்திருக்கிறது. அவர் இதைப் பார்த்தால் ஒரே நொடியில் சொல்லிவிடுவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, வேகவேகமாக வழி தேடியது. நட்டை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டேன். போல்ட் மண்ணுக்குள் எங்கே போனதோ, அது யாருக்கும் கிடைக்கவே இல்லை.

மதுரையில் கட்டிலில் படுத்துக்கொண்டே அவர் தீர்ப்புச் சொன்னார். முதலாளி இருந்தார், நான் இருந்தேன்.

"பன்னெண்டு கோடும் நல்லா இருந்துச்சு, எங் கண்ணால பாத்தேன். அப்பம் நட்டு கழலல. மாடசாமி வரப்புக் கல்லுல விட்டு அடிச்சிருக்கான், போல்ட்டு முறிஞ்சிருக்கு. மறைக்கான். வயலுல இருந்து முறிஞ்ச துண்டை எடுத்து ஒளிச்சிருப்பான்."

மாடசாமியை முதலாளி அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார். அவன் என்னிடம் ஓடிவந்தான். "கல்லே இல்ல சார். நீங்க பாத்தீகள்ல, சொல்லுங்க சார்" என்றான். "பாப்போம், பொறு" என்றேன். நான் சொன்னது அது மட்டும்தான். ஒருத்தர் காலை உடைத்து, இன்னொருத்தன் பிழைப்பையும் கெடுத்துவிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மாடசாமிக்கு அக்கம்பக்கத்தில் யாரும் டிராக்டர் கொடுக்கவில்லை. சி.ஐ.டி.யே சொல்லிவிட்டார் என்றால் அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? அவன் மனைவி தீப்பெட்டி ஒட்டப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. செட்டியார்பட்டிக்குப் போய் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பூஜை, கோடு, சாப்பாடு, நட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாடசாமி வந்து அழுதானா?"

"இல்ல அண்ணாச்சி."

"அவன் பொண்டாட்டி?"

"யாரும் வரல. நாந்தான் செஞ்சேன்."

"நட்டைக் காட்டு, பாப்போம்."

"கெணத்துல போட்டுட்டேன்."

"கெணத்துல." தலையை ஆட்டினார். "பொம்பளைகளைக் கேட்டேன் தம்பி, ஆஸ்பத்திரிக்கு வந்தாளுகள்ல. ஒவ்வொருத்தியாத் தனித்தனியாக் கேட்டேன். யாரும் தொடலன்னுதான் அம்புட்டுப் பேரும் சொன்னாளுக."

"நாந்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். போல்ட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு குடும்பம் கெடக்கூடாதுன்னு நீ பழிய வாங்கிக்கிட வந்திருக்க. எங்கிட்டயா? நல்லவன் பொய் சொன்னா மூஞ்சியிலயே தெரியும்டே. போ, போயி சோலியப் பாரு."

நான் அழுதேன். அதில் அவருக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. நான் பண்ணைக்குத் திரும்புவதற்குள் முதலாளிக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்: அந்தத் தம்பி வந்து எதையாவது சொல்லும், இரக்க சுபாவம், நம்பாதீங்க. முதலாளி என்னைப் பேசவே விடாமல் முதுகில் தட்டி அனுப்பினார். கத்தியைக் கழற்றச் சொன்ன முதலாளியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதலாளிக்கு உண்மை தெரிந்திருக்கும். அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை, அவரைப் பேசவைக்க எனக்கும் தைரியமில்லை. நான் வேலையை விட்டேன். மாடசாமிக்காக இந்தத் தம்பி வேலையையே விட்டுவிட்டான் என்று அதையும் அவர் ஊரெல்லாம் சொன்னார்.

பின்னால் விதைக் கம்பெனி வேலையில் ஊர் ஊராகச் சுற்றினேன். எங்கே போனாலும் அவர் அனுப்பின ஆள் யாராவது வந்து நிற்பார்கள். மோட்டார் வாங்க வேண்டும், நிலம் பார்க்க வேண்டும், மகனுக்கு ஓர் இடம் வந்திருக்கிறது, விசாரித்துச் சொல்ல வேண்டும். "நம்புறதுன்னா அந்தத் தம்பி ஒருத்தனைத்தான் நம்பலாம்னு அண்ணாச்சி சொன்னாவ" என்பார்கள். குட்டைக் காலை இழுத்துக்கொண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவில் அவர் அரத்தோடு திரிவதாகச் சொல்வார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் வ. புதுப்பட்டியில் மாடசாமியைப் பார்த்தேன். தேங்காய் ஏற்றிய லாரிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. "சார், நல்லாருக்கீகளா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். அவன் அப்படி ஓடிவந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே, லாரி நிழலில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் போய்ச் சொன்னதையும், அவர் நம்பாததையும் சொன்னேன்.

மாடசாமி போய்க் கயிற்றின் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். திரும்பி வந்தான்.

"அவரு நம்பாதது கெடக்கட்டும் சார். அந்த நட்டு கெடச்சா எம் பேரு தப்பிக்கும்னு நானும் எம் பொண்டாட்டியும் மூணு நாளு குதிரைமசாலுக்குள்ள மண்டி போட்டுத் தேடுனோம். மூணு நாளும் நீங்களும் எங்ககூடக் குனிஞ்சு தேடுனீகளே சார்."